வழித்துணைப் பை

தில்லியில் ஜங்புரா என்று ஓர் இடம் உண்டு. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தன. அந்தப் பக்கத்தில் குடியிருந்தார் ஒரு பெயின்டர். சொந்த ஊர் விழுப்புரம் மாவட்டம். அவருக்கு ஃபரிதாபாத்தில் ஒரு கட்டடத்தில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து போக சுமார் 25 கிலோ மீட்டர். வரவும் அதே தூரம். மதுரா சாலையில் சைக்கிளில்தான் போய் வந்தார். பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு மிச்சமாகும் என்பது அவர் கணக்கு.

ஒரு நாள் வேலை முடிய இரவாகிவிட்டது. பதர்பூர் அருகே வரும்போது பின் சக்கரத்தில் காற்று இறங்கியது. பார்த்தால், டயரில் ஓர் ஆணி. சாலையோரப் பஞ்சர் கடை மூடியிருந்தது. அடுத்த கடையும் மூடியிருந்தது. கையில் பம்பு இல்லை. ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. செல்போனில் சார்ஜும் இல்லை.

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். பெரிய லாரிகள் உரசுவது போலப் போயின. சைக்கிளில் விளக்கு இல்லை. வீடு வந்து சேரும்போது இரவு 1 மணி.

வாசலில் மனைவி உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“என்னங்க, எங்க போயிட்டீங்க? போன் போட்டாலும் எடுக்கல. நான் எங்கன்னு போய்த் தேடுவேன்?”

“பஞ்சர்ம்மா. தள்ளிக்கிட்டே வந்தேன்.”

மனைவி வேறு ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டார். மறுநாள் காலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். மாலை வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர் அவர். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்: “சைக்கிளில் என்ன எடுத்துப் போக வேண்டும்?”

அந்தக் கேள்விக்கு விடை தேடி, இருவரும் தெருமுனையில் இருந்த சைக்கிள் மிஸ்திரியிடம் போனார்கள். மிஸ்திரி இந்தியில் சொன்னார். கணவர் தமிழில் சொன்னார். மனைவி எழுதினார்.

அந்தப் பட்டியல் நமக்கும் பயன்படும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பையில் இருக்க வேண்டியவை

முதலில் பஞ்சர் ஒட்டும் சாமான்கள். டயர் லீவர் இரண்டு. உப்புத்தாள் ஒரு துண்டு. ரப்பர் சொல்யூஷன் ஒரு சிறிய டியூப். ஒட்டுகிற பேட்ச் ஐந்தாறு. இவை எல்லாம் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடங்கும்.

சொல்யூஷன் டியூபை ஒரு முறை திறந்துவிட்டால் நாளாக நாளாகக் காய்ந்துவிடும். ஆகவே மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். கல் போல் இருந்தால் புதிது வாங்குங்கள்.

இரண்டாவது, கைப் பம்பு. சைக்கிள் கம்பியில் மாட்டும் சிறிய பம்பு போதும். ஆனால் வாங்கும்போதே உங்கள் டியூபின் வால்வில் மாட்டிப் பாருங்கள். எல்லாப் பம்பும் எல்லா வால்வுக்கும் பொருந்தாது. பொருந்தாத பம்பு வெறும் சுமை.

மூன்றாவது, வால் டியூப். பழைய மாதிரி வால்வுக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் குழாய் அது. விலை மிகக் குறைவு. அது கிழிந்தாலும் காற்று நிற்காது. பலர் அதைப் பஞ்சர் என்று நினைத்து ஏமாந்து போகிறார்கள். இரண்டு துண்டு வைத்திருங்கள்.

நான்காவது, ஸ்பேனரும் திருப்புளியும். சைக்கிளுக்கு என்றே பல அளவு துளைகள் உள்ள ஒரே ஸ்பேனர் கிடைக்கும். சக்கரத்து நட்டு, சீட்டு நட்டு, பிரேக் நட்டு ஆகிய மூன்றுக்கும் அது பொருந்துகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஒரு சிறிய கட்டிங் பிளேயரும் இருந்தால் நல்லது.

ஐந்தாவது, செயின் லாக் ஒன்று. செயினின் இரண்டு முனைகளையும் இணைக்கும் சிறிய கண்ணி அது. அதன் மேல் ஒரு தகட்டுக் கிளிப் இருக்கும். மாட்டும்போது கிளிப்பின் வாய் பின்பக்கம் பார்க்க வேண்டும். அதாவது, செயின் ஓடும் திசைக்கு எதிராக. வாய் முன்பக்கம் இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.

ஆறாவது, கயிறும் பழைய டியூபில் வெட்டிய ரப்பர்ப் பட்டையும். கேரியரில் சாமான் கட்டலாம். ஆடும் மட்கார்டைக் கட்டலாம். ஒரு பழைய டயர்த் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். டயர் கிழிந்துவிட்டால் அந்த இடத்தில் உள்பக்கமாக அதை வைக்கலாம். டியூப் வெளியே பிதுங்காது. மெதுவாக ஓட்டி வீடு சேரலாம்.

ஏழாவது, மாற்று டியூப் ஒன்று. இரண்டு நாள், மூன்று நாள் பயணம் என்றால் இது கட்டாயம். வால்வின் அடியில் கிழிந்த டியூபை ஒட்ட முடியாது. வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு போங்கள். உங்களுக்கு இப்போது படிக்கத் தெரியும் அல்லவா!

எட்டாவது, விளக்கு. முன்னால் வெள்ளை விளக்கு. பின்னால் சிவப்பு விளக்கு. மட்கார்டில் ஒளி பட்டால் மின்னும் ஸ்டிக்கர். டைனமோ விளக்கு சக்கரம் சுற்றினால்தான் எரியும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது மங்கிவிடும். ஆகவே பேட்டரி விளக்கும் ஒன்று வேண்டும்.

மிஸ்திரி கடைசியாக ஒன்று சொன்னார். “சாமான் வாங்கினால் மட்டும் போதாது. பகலில் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு முறை பஞ்சர் ஒட்டிப் பாருங்கள். பகலில் செய்து பார்க்காததை இருட்டில் செய்ய முடியாது.”

பஞ்சர் ஒட்டுவது எப்படி?

1. காற்று இறங்கியதும் உடனே இறங்குங்கள். காற்று இல்லாமல் ஓட்டினால் ரிம் டியூபை வெட்டிவிடும். சாலையை விட்டுத் தள்ளி ஓரமாகப் போங்கள்.

2. முதலில் வால்வைப் பாருங்கள். கொஞ்சம் காற்று அடியுங்கள். வால்வு வாயில் தண்ணீர் வையுங்கள். குமிழி வந்தால் கோளாறு வால்வில்தான். வால் டியூபை மாற்றினால் போதும்.

3. குமிழி வராவிட்டால் கோளாறு டியூபில். மீதிக் காற்றையும் இறக்குங்கள். லீவரை டயருக்கும் ரிம்முக்கும் நடுவே விட்டு டயரின் ஒரு பக்கத்தை வெளியே எடுங்கள். லீவர் டியூபைக் கிள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டியூபை வெளியே இழுங்கள். இதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை.

4. டியூபில் கொஞ்சம் காற்று அடியுங்கள். கன்னத்தின் அருகே வைத்துச் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் காற்று படும். தண்ணீர் இருந்தால் அதில் முக்கிப் பாருங்கள். ஓட்டையைப் பேனாவால் குறியுங்கள்.

5. இப்போது டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். ஆணியோ முள்ளோ இருந்தால் துணியில் சிக்கும். அதைப் பிடுங்குங்கள். இதை மறந்தால் ஒட்டிய அடுத்த நிமிடமே மறுபடியும் பஞ்சர்.

6. டியூபைத் துடைத்து உலர்த்துங்கள். உப்புத்தாளால் தேயுங்கள். பேட்சை விடக் கொஞ்சம் அதிக இடத்தில் தேய்க்க வேண்டும். சொல்யூஷனை மெல்லியதாகத் தடவுங்கள். சுமார் 5 நிமிடம் பொறுங்கள். ஈரப் பளபளப்பு போன பிறகு பேட்சை வைத்து அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரத்தில் வைத்தால் பிடிக்காது. பஞ்சர் வேலையில் பாதி பொறுமைதான்.

7. டியூபை உள்ளே வைத்து டயரைக் கையாலேயே தள்ளி ஏற்றுங்கள். டியூப் எங்கும் சிக்கியிருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். பிறகு காற்றை முழுவதும் அடியுங்கள்.

இவர்கள் எப்படிப் போனார்கள்?

சைக்கிளில் மிக நீண்ட தூரம் போனவர்கள் பலர் உண்டு. அவர்களில் மூவரைப் பற்றிப் பார்ப்போம். மூவருக்கும் தில்லியோடு தொடர்பு உண்டு.

அயர்லாந்து நாட்டில் டெர்வ்லா மர்ஃபி என்று ஒரு பெண். 1931-இல் பிறந்தவர். பத்தாவது பிறந்தநாளுக்கு அவருக்கு ஒரு சைக்கிளும் ஓர் உலகப் படப் புத்தகமும் கிடைத்தன. ஒரு நாள் சைக்கிளிலேயே இந்தியாவுக்குப் போவேன் என்று அப்போதே முடிவு செய்தார். 1963 ஜனவரியில் கடுங்குளிரில் தனியாகப் புறப்பட்டார். ஐரோப்பா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக அந்த ஆண்டு ஜூலையில் தில்லி வந்து சேர்ந்தார்.

அவர் செய்த இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். சைக்கிளில் இருந்த கியரைப் புறப்படும் முன்பே கழற்றிவிட்டார். கரடுமுரடான சாலையில் கியர் கெட்டால் வழியில் பழுது பார்க்க ஆள் கிடைக்காது என்பது அவர் எண்ணம். மாற்று டயர்களை முதுகில் சுமக்கவில்லை. வழியில் உள்ள தூதரக அலுவலகங்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்தார். எதை எடுத்துப் போவது என்று யோசித்தார். எதை விட்டுப் போவது என்றும் யோசித்தார். இரண்டும் முக்கியம். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் உலகப் புகழ் பெற்றது. 2022-இல் அவர் காலமானார்.

இரண்டாமவர் பிரத்யும்ன குமார் மஹானந்தியா. ஒடிசாவில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்த ஓவியர். தில்லி கன்னாட் பிளேஸில் உட்கார்ந்து வருவோர் போவோரின் முகத்தை வரைந்து கொடுத்துப் பிழைத்தார். 1975-இல் ஸ்வீடன் நாட்டுப் பெண் ஒருவர் அவரிடம் படம் வரைய வந்தார். இருவருக்கும் அன்பு மலர்ந்தது. அந்தப் பெண் தம் நாட்டுக்குத் திரும்பினார். விமானத்தில் போக மஹானந்தியாவிடம் பணம் இல்லை. இருந்த பொருள்களை விற்றுப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினார். 1977 ஜனவரியில் தில்லியிலிருந்து புறப்பட்டார். மே மாத இறுதியில் ஸ்வீடன் சேர்ந்தார். கடைசிப் பகுதியை ரயிலில் கடந்தார்.

அவர் எடுத்துச் சென்றதில் முக்கியமானது எது தெரியுமா? வரையும் சாமான்கள். வழியில் மக்களின் படத்தை வரைந்து கொடுத்தார். அவர்கள் சாப்பாடு கொடுத்தார்கள். தங்க இடமும் கொடுத்தார்கள். கைத்தொழில் சுமையில்லாத சொத்து.

மூன்றாமவர் ஜோதி குமாரி. பீகார் மாநிலம் தர்பங்கா மாவட்டத்துப் பெண். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தது. ரயில் இல்லை, பஸ் இல்லை. தில்லியை ஒட்டிய குருகிராமில், காலில் அடிபட்டு வேலை இழந்த தந்தையோடு அவர் இருந்தார். அப்போது வயது 15. கையில் இருந்த கொஞ்சப் பணத்தில் பழைய சைக்கிள் வாங்கினார்கள். தந்தையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மே மாத வெயிலில் சுமார் 1200 கிலோ மீட்டர் மிதித்துச் சொந்த ஊர் போய்ச் சேர்ந்தார். 2021-இல் சிறுவர்களுக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது.

நாடு அவரைப் பாராட்டியது. ஆனால் அது ஆசைப்பட்டுப் போன பயணம் அல்ல. வேறு வழி இல்லாமல் போன பயணம். முன்னேற்பாட்டுக்கு அவருக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. வழியில் பலர் கொடுத்த உணவும் தண்ணீரும்தான் அவர்களைக் காத்தன. நமக்கு நேரம் இருக்கும்போது நாம் தயாராக இருக்கலாம் அல்லவா?

நம் தமிழ்நாட்டையும் நினைத்துப் பாருங்கள். 1991, 1992 ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். சைக்கிள் வாங்கக் கடனும் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு போகவும் சைக்கிள் உதவியது. பிறர் தயவுக்குக் காத்திருக்க வேண்டிய நிலை குறைந்தது.

உடம்புக்கு வேண்டியவை

சைக்கிளுக்குக் காற்று எப்படியோ, உடம்புக்குத் தண்ணீர் அப்படி. தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெயில் 40 டிகிரிக்கு மேல் போகும். ‘லூ’ என்ற அனல் காற்று வீசும். அந்த நாளில் காலை 10 மணிக்குள் பயணத்தை முடிப்பது நல்லது. இல்லாவிட்டால் மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு போங்கள்.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். கால் மணிக்கு ஒரு முறை சில வாய் குடியுங்கள். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. எனவே இந்தக் கரைசலைச் செய்து ஒரு பாட்டிலில் எடுத்துப் போகலாம்.

சுத்தமான தண்ணீர் – 1 லிட்டர்
சர்க்கரை – 6 டீஸ்பூன், தலை தட்டி
உப்பு – அரை டீஸ்பூன், தலை தட்டி

உப்பு அதிகமாகக் கூடாது. செய்த கரைசலை அன்றைக்கே குடித்துவிட வேண்டும். மீதியை மறுநாள் வைக்கக் கூடாது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட வேர்க்கடலை, வெல்லம், வறுத்த கொண்டைக்கடலை, வாழைப்பழம் போதும். வாழைப்பழம் தவிர மற்றவை வெயிலில் எளிதில் கெடாது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மிதிக்காதீர்கள்.

தலையில் துண்டு கட்டுங்கள். ஹெல்மெட் இருந்தால் போடுங்கள். வெளிர் நிறப் பருத்திச் சட்டை நல்லது. பேன்ட்டின் கால் விளிம்பு செயினில் சிக்கும். ரப்பர்ப் பட்டையால் கட்டுங்கள். புடவை, சுடிதார் அணிபவர்கள் முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

தலை சுற்றல், வாந்தி, குழப்பமான பேச்சு, உடம்பு நெருப்பாய்க் கொதித்தல் ஆகியவை வெப்ப மயக்கத்தின் அடையாளங்கள். உடனே நிழலுக்குக் கொண்டு போங்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்து உதவி கேளுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் தில்லியில் வேறு ஆபத்து. அது மூடுபனி. முன்னால் போகும் வண்டியே தெரியாது. நீங்கள் பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விளக்கும் மின்னும் ஸ்டிக்கரும் அப்போது உயிர் காக்கும். பனி மிக அடர்ந்தால் நின்றுவிடுங்கள். நேரம் போனால் போகட்டும்.

சிறு காயத்துக்குச் சோப்பு, பஞ்சு, கட்டுத்துணி, மருந்து வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஒட்டிய கையைக் கழுவவும் அந்தச் சோப்பு உதவும்.

எடையே இல்லாத பொருள்

பையில் இன்னொன்று வேண்டும். அதற்கு எடையே இல்லை. அது ஒரு துண்டுக் காகிதம்.

அதில் உங்கள் பெயர், முகவரி, வீட்டில் உள்ளவரின் போன் எண், இரத்த வகை ஆகியவற்றை எழுதுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். செல்போன் அணைந்துவிட்டாலும் காகிதம் அணையாது. போகும் வழியையும், வந்து சேரும் நேரத்தையும் எழுதி வீட்டிலும் ஒரு காகிதம் வைத்துவிட்டுப் போங்கள்.

வழியில் கிலோ மீட்டர் கல்லைப் படியுங்கள். கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. சில விரைவுச் சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நுழையும் இடத்தில் பலகை இருக்கும். அதைப் படித்துவிட்டுப் போங்கள்.

பை தயாராயிற்று

அந்தக் கணவனும் மனைவியும் ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டுக்குப் போனார்கள். பட்டியலைப் பார்த்துப் பார்த்து வாங்கினார்கள். மனைவி ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கோடு போட்டார். வீட்டில் பழைய பேன்ட் துணியில் ஒரு பை தைத்தார். அது சீட்டுக்குப் பின்னால் தொங்கியது. கனமான சாமான் அடியில், அடிக்கடி எடுப்பது மேலே. ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிப் பழகினார் கணவர். முதல் தடவை பேட்ச் பெயர்ந்து வந்தது. ஈரத்தில் ஒட்டிவிட்டார். இரண்டாவது தடவை நின்றது.

அக்டோபர் மாதம். ஓர் இரவு சரிதா விகார் அருகே மறுபடியும் பஞ்சர். அவர் விளக்கை எடுத்துக் கல்லில் சாய்த்து வைத்தார். வீட்டுக்குப் போன் செய்தார்.

“பஞ்சரும்மா. ஒட்டிட்டு வரேன். நீ சாப்பிட்டுப் படு.”

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. புறப்படும்போது ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் டயரிலும் காற்று இல்லை. அவனுக்கும் ஒட்டிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி படுக்கவில்லை. ஆனால் இந்த முறை வாசலில் உட்காரவும் இல்லை. உள்ளே விளக்கடியில் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, பேட்ச் எத்தனை செலவாச்சு?”

“ரெண்டும்மா. ஒண்ணு நமக்கு, ஒண்ணு ஒரு பையனுக்கு.”

மனைவி நோட்டைத் திருப்பினார். பட்டியலின் கீழே எழுதினார்: “பேட்ச் 2 வாங்க வேண்டும்.”

பயிற்சி

1. விடை கூறுங்கள்.
அ) சொல்யூஷன் தடவியதும் ஏன் பொறுக்க வேண்டும்?
ஆ) செயின் லாக் கிளிப்பின் வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?
இ) டெர்வ்லா மர்ஃபி ஏன் கியரைக் கழற்றினார்?

2. சரியா, தவறா?
அ) காற்று இறங்கினால் அது எப்போதும் பஞ்சர்தான்.
ஆ) மஞ்சள் தலைக் கல் தேசிய நெடுஞ்சாலையைக் காட்டும்.

3. எழுதிப் பாருங்கள்.
உங்கள் பெயர், முகவரி, வீட்டுப் போன் எண், இரத்த வகை ஆகியவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள். எழுதியதை இன்றே சட்டைப் பையில் வையுங்கள்.

4. கூடிப் பேசுங்கள்.
உங்கள் ஊரில் இரவில் வேலை முடிந்து சைக்கிளில் திரும்புகிறவர்கள் யார் யார்? அவர்களுக்காக வகுப்பு மையத்தில் பொதுவாக ஒரு பம்பும் பஞ்சர் டப்பாவும் வைக்கலாமா?